டீமன் லாக்கை எங்கே எழுதுவது: ஃபைலா, சிஸ்லாக்கா, ஜர்னலா?

பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸை, அதாவது டீமனை, எழுதி முடித்து, அதை சர்வரில் ஏற்றும் நேரத்தில்தான் அதன் லாக் (நடப்பதை வரி வரியாகக் குறிக்கும் பதிவு) எங்கே போக வேண்டும் என்ற கேள்வி வரும். டெர்மினலில் ஓடும் வரை இது பிரச்சினையே இல்லை. அச்சடித்ததெல்லாம் கண் முன்னால் வந்து விழும். பழைய யூனிக்ஸ் வழக்கப்படி டீமனாக மாறும் புரோகிராம் இரண்டு முறை ஃபோர்க் செய்து (தன்னைப் போலவே இன்னொரு புரோசெஸை உருவாக்கி), டெர்மினலின் பிடியிலிருந்து விலகி, உள்ளீடு, வெளியீடு, பிழை வெளியீடு ஆகியவற்றுக்கான 0, 1, 2 என்ற மூன்று ஃபைல் டிஸ்கிரிப்டர்களையும், எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் டெவ்-நல் பக்கம் திருப்பிவிடும். அதற்குப் பிறகு அது என்ன கத்தினாலும் யார் காதிலும் விழாது.

எனவே வேறு வழி வேண்டும். சொந்தமாக ஒரு ஃபைலைத் திறந்து எழுதலாம். யூனிக்ஸின் பொது லாக் சேவையான சிஸ்லாக்கிடம் கொடுக்கலாம். அல்லது டீமனாக மாறும் சடங்கையே விட்டுவிட்டு, ஸ்டாண்டர்ட் எரரில் (மேலே சொன்ன பிழை வெளியீட்டில்) எழுதி, மற்றதை, சர்வீஸ்களை ஏற்றிக் கண்காணிக்கும் சிஸ்டம்டி, ரன்இட் போன்ற சூப்பர்வைசரின் பொறுப்பில் விடலாம். சிஸ்டம்டியின் லாக் கிடங்குதான் ஜர்னல்.

இவற்றை ஒப்பிடுபவர்கள் பொதுவாகப் படிப்பதற்கு எது வசதி என்றுதான் பார்க்கிறார்கள்: தேடும் கருவியான கிரெப் ஓடுமா, டெக்ஸ்டா பைனரியா என்று. அது முக்கியம்தான், ஆனால் இரண்டாவதாக வர வேண்டியது. முதலில் முடிவு செய்ய வேண்டியது இது: லாக்கை எழுத முடியாமல் போகும் நேரத்தில் சர்வீஸ் காத்து நிற்க வேண்டுமா, அல்லது அந்த வரியைக் கைவிட்டுத் தன் வேலையைப் பார்க்க வேண்டுமா? டிஸ்க் நிரம்பும், லாக்கை வாங்கும் புரோகிராம் தொங்கும், நெட்வொர்க் போகும். இதெல்லாம் என்றாவது ஒரு நாள் நடக்கத்தான் செய்யும்.

நன்கு அறியப்பட்ட இரண்டு மென்பொருள்கள் இதற்கு நேர் எதிரான பதில் சொல்கின்றன. போஸ்ட்கிரெஸ்கியூஎல் டேட்டாபேஸில் லாக்கிங் கலெக்டர் என்று தனி புரோசெஸ் ஒன்று உண்டு. எந்த வரியையும் தொலைக்கக் கூடாது என்பதற்காகவே அது வடிவமைக்கப்பட்டது. அதனால் சுமை மிக அதிகமாகி கலெக்டர் பின்தங்கினால், லாக் எழுத வரும் டேட்டாபேஸ் புரோசெஸ்கள் வரிசையில் நிற்க நேரிடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சரான ஹெச்ஏபிராக்ஸி அதற்கு மறுபக்கம். ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒரு ஈவென்ட் லூப்பில் சுழற்றும் புரோகிராம் டிஸ்க்குக்காக ஒரு கணம் நின்றாலும் எல்லா இணைப்பும் நிற்கும். ஆகவே அது லாக்கை ஃபைலில் எழுதுவதே இல்லை. சிஸ்லாக்குக்கு அனுப்பிப் பார்க்கும், போகவில்லை என்றால் கைவிடும். கைவிட்டவற்றின் எண்ணிக்கையை மட்டும் தன் புள்ளிவிவரத்தில் வைத்துக்கொள்ளும். இரண்டும் சரியான முடிவுதான். டேட்டாபேஸில் யார் எதை மாற்றினார் என்ற வரி காணாமல் போவது ஒரு லோட் பேலன்சரில் ஒரு கோரிக்கையின் வரி காணாமல் போவதைவிடப் பெரிய இழப்பு.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சொந்த ஃபைல்

பார்க்க எளிது. வார்-லாக் ஃபோல்டரின் கீழ் ஒரு ஃபைல், திற, எழுது, முடிந்தது. சிக்கல் அந்த ஃபைல் வளர ஆரம்பித்த பிறகுதான்.

என்ஜின்எக்ஸ் வெப் சர்வரை எடுத்துக்கொள்வோம். இரவில், லாக் ஃபைல்களைச் சுழற்றும் லாக்ரொட்டேட் கருவி ஓடி, அக்சஸ் லாக்கின் பெயரைப் புள்ளி-1 சேர்த்து மாற்றி, அதே பழைய பெயரில் புது ஃபைலை உருவாக்குகிறது. என்ஜின்எக்ஸ் இதை அறியாது. அது பிடித்திருப்பது ஃபைலின் பெயரை அல்ல, அதன் பின்னால் உள்ள ஐநோடை (ஃபைல்சிஸ்டம் அந்த ஃபைலுக்கு வைத்திருக்கும் பதிவை). எனவே காலையில் பார்த்தால் புது ஃபைல் 0 பைட்டில் காலியாகக் கிடக்கும், வரிகளெல்லாம் பெயர் மாறிய பழைய ஃபைலிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். இதைத் தவிர்க்க, பெயரை மாற்றிய கையோடு என்ஜின்எக்ஸுக்கு யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்ப வேண்டும். அது வந்ததும் ஃபைல்களை மறுபடி திறக்கும். ரூட்டாக ஓடும் மாஸ்டர் புரோசெஸ் ஃபைலைத் திறந்து, அதன் உரிமையை வொர்க்கரின் பயனருக்கு மாற்றிக் கொடுக்கும் அளவுக்கு அதில் யோசித்திருக்கிறார்கள். நாம் எழுதும் சர்வீஸில் இதையெல்லாம் நாம்தான் செய்ய வேண்டும்: சிக்னலைப் பிடிப்பது, திரும்பத் திறப்பது, ரூட் உரிமையைக் கைவிட்ட பிறகும் அந்த ஃபோல்டரில் எழுத அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது.

சிக்னல் கையாளச் சோம்பல்படுபவர்களுக்காக லாக்ரொட்டேட்டில் காப்பிட்ரங்கேட் என்ற வழி இருக்கிறது. ஃபைலை நகல் எடுத்துவிட்டு, மூல ஃபைலை அங்கேயே 0 பைட்டுக்குச் சுருக்கும். நகல் முடிந்து சுருக்குவதற்குள் வந்து விழுந்த வரிகள் போனது போனதுதான். அதைவிட வேடிக்கையான ஒன்றும் உண்டு. ஷெல்லில் ஒற்றை > போட்டு ஒரு புரோகிராமின் வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பியிருந்தால், அந்த ஃபைல் அப்பெண்ட் முறையில், அதாவது எப்போதும் கடைசியில் சேர்க்கும் முறையில், திறக்கப்படுவதில்லை. புரோகிராம் 3 ஜிபி வரை எழுதியிருக்கிறது என்று வையுங்கள். ஃபைலைச் சுருக்கிய பிறகும் அதன் எழுதும் இடம் 3 ஜிபியிலேயே நிற்கும். அடுத்த வரி அங்கேதான் போய் விழும், முன்னால் இருப்பதெல்லாம் வெறும் பூஜ்ய பைட்டுகளின் ஓட்டை. எல்எஸ் 3 ஜிபி என்று காட்டும், டிஸ்க்கில் உண்மையில் பிடித்த இடத்தைக் காட்டும் டியூ சில கிலோபைட் என்று சொல்லும், கிரெப் இதை பைனரி ஃபைல் என்று நினைத்து வரியைக் காட்ட மறுக்கும். >> போட்டிருந்தால் இந்தக் கூத்து இல்லை.

டிஸ்க் நிரம்பிய அவசரத்தில் யாராவது அந்தப் பெரிய லாக்கை ஆர்எம் அடித்து அழித்துவிடுவதும் உண்டு. இடம் திரும்பி வராது. சர்வீஸ் அந்த ஐநோடைப் பிடித்திருக்கும் வரை, டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று சொல்லும் டிஎஃப் 100 சதவீதம் என்றுதான் காட்டும், டியூவில் அந்த ஃபைலே தெரியாது. எல்எஸ்ஓஎஃப்-இல் +எல்1 கொடுத்துத் தேடினால், அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் ஃபைல் சிக்கும். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் விடுபடும்.

இன்னொன்று: லாக்ரொட்டேட் ஒரு காவலாளி அல்ல. டெபியனில் அது நாளுக்கு ஒருமுறை எழும் டைமர். 100 எம்பி தாண்டினால் சுழற்று என்று கான்ஃபிகில் எழுதியிருந்தாலும், அது எழும்போது மட்டுமே அளவைப் பார்க்கும். ஒரே பிழையை லூப்பில் கத்தும் சர்வீஸ் மதியத்துக்குள் டிஸ்க்கை முடித்துவிட்டால், இரவு வரை கேட்க ஆளில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஃபைலுக்கு இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. வெப் சர்வரின் அக்சஸ் லாக் மாதிரி, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி, அதுவும் ஒரே வடிவத்தில், மிக வேகமாக வருவதற்கு ஃபைலைவிடப் பொருத்தமானது இல்லை. என்ஜின்எக்ஸ், அப்பாச்சி மாதிரி சுழற்சியை முழுதாகக் கையாளத் தெரிந்த மென்பொருளை அதன் போக்கிலேயே விட்டுவிடலாம். நாம் புதிதாக எழுதும் சர்வீஸில் மட்டும் இந்த வேலையை நம் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

சிஸ்லாக்

1980களின் தொடக்கத்தில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் சென்ட்மெயிலுக்காக எழுதிய துணைக்கருவி இது. மற்ற டீமன்களும் பயன்படுத்த ஆரம்பித்து, யூனிக்ஸ் உலகத்தின் பொது வழக்கமே ஆகிவிட்டது. வெகுகாலம் எழுதப்பட்ட தரமே இல்லாமல் ஓடியது. நடைமுறையில் இருந்ததை ஆர்எஃப்சி 3164 என்ற இணைய ஆவணம் விவரித்தது 2001இல், முறையான தரமாக ஆர்எஃப்சி 5424 வந்தது 2009இல்.

புரோகிராம் தன் வரியோடு ஃபெசிலிட்டி (எந்த வகைப் புரோகிராம்), சிவியாரிட்டி (எவ்வளவு தீவிரம்) என்ற இரண்டு எண்களைச் சேர்த்து டெவ்-லாக் சாக்கெட்டில் போடும். ஃபெசிலிட்டியில் 24 வகை, சிவியாரிட்டியில் 8 நிலை. முதலாவதை 8ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் வரியின் தலையில் நிற்கும் எண் கிடைக்கும். டீமன் என்ற ஃபெசிலிட்டி 3, எச்சரிக்கை என்ற சிவியாரிட்டி 4, எனவே <28>. ஆர்சிஸ்லாக் போன்ற சர்வர் புரோகிராம் இந்த எண்ணைப் பார்த்து எந்த ஃபைலில் போடலாம், எந்த மெஷினுக்கு அனுப்பலாம் என்று பிரிக்கும். ஃபைலைத் திறப்பது, சுழற்றுவது, உரிமை எல்லாம் அதன் பாடு. நம் சர்வீஸுக்கு அந்தத் தலைவலி இல்லை.

பழமையின் தழும்புகள் இல்லாமல் இல்லை. 3164 வடிவத்தில் தேதி இருக்கும், ஆண்டு இருக்காது, டைம்ஸோனும் இருக்காது. டிசம்பர் 31 இரவு வந்த வரியை ஜனவரியில் வாங்கும் சர்வர், ஆண்டை ஊகித்துத்தான் போட வேண்டும். ஒரு செய்திக்கு 1024 பைட் வரம்பு. யூடிஎஃப்-8இல் தமிழ் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால், பயனர் தட்டச்சு செய்த தமிழ் வாக்கியத்தை அப்படியே லாக்கில் போடும் ஆப் சுமார் 340 குறியீட்டிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடும். பெரும்பாலான உயிர்மெய்க்கு இரண்டு குறியீடு ஆகும் என்பதையும் கணக்கில் எடுத்தால் இன்னும் சீக்கிரம். ஃபெசிலிட்டி பட்டியலில் யூயூசிபி என்ற பழைய ஃபைல் பரிமாற்ற முறைக்கும் யூஸ்நெட் செய்திக்கும் இன்றும் தனி எண் இருக்கிறது. நம் சர்வீஸுக்கென்று தனியாக ஒதுக்கிக்கொள்ளக் கிடைப்பது லோக்கல்0 முதல் லோக்கல்7 வரையிலான எட்டு பொது எண்கள்தான்.

நெட்வொர்க்கில் இது, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத யூடிபியில், 514 போர்ட்டில் போகும்போது, பாக்கெட் தொலைந்தால் யாருக்கும் தெரியாது. இதை வைத்தே சிஸ்லாக் என்றாலே 'வரியைக் கைவிடும், சர்வீஸை நிறுத்தாது' என்ற பெயர் வந்தது. ஆனால் ஒரே மெஷினுக்குள் அது முழு உண்மை அல்ல. லினக்ஸில் டெவ்-லாக் போன்ற யூனிக்ஸ் டேட்டாகிராம் சாக்கெட் எதையும் தொலைப்பதில்லை. வரிசை நிரம்பினால் அனுப்புபவரை நிறுத்தி வைக்கும். ஆர்சிஸ்லாக் தொங்கிவிட்டால், லாக் எழுத வரும் எஸ்எஸ்ஹெச் டீமனும் அங்கேயே நிற்கும்; சரி செய்யலாம் என்று நாம் லாகின் செய்யப் போனால் அந்த லாகினும் நிற்கும். ஹெச்ஏபிராக்ஸி காத்திருக்காத முறையில் அனுப்புவது இதனால்தான்.

ரூட் ஃபோல்டரை மாற்றி சிஹெச்ரூட்டுக்குள் ஓடும் சர்வீஸுக்கு டெவ்-லாக் கண்ணிலேயே படாது என்ற தொல்லையும் உண்டு. அந்த ஃபோல்டருக்குள் இன்னொரு சாக்கெட்டை ஆர்சிஸ்லாக் திறந்து வைக்க வேண்டும். டெபியனின் ஹெச்ஏபிராக்ஸி பேக்கேஜ் அப்படித்தான் செய்கிறது. ஓபன்பிஎஸ்டிகாரர்கள் லாக் அனுப்பவே தனி சிஸ்டம் கால் வைத்து இதை வேரோடு தீர்த்துவிட்டார்கள்.

பல மெஷின்களின் லாக்கை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும், நடுவில் ரவுட்டரும் ஃபயர்வாலும் இருக்கின்றன என்றால் சிஸ்லாக்குக்கு மாற்று இல்லை. அவை எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தெரிந்த பாஷை அது. அப்போதும் யூடிபியை விட்டு, தொலைந்ததை மறுபடி அனுப்பும் டிசிபிக்கு, முடிந்தால் டிஎல்எஸ் மறையாக்கத்தோடு 6514 போர்ட்டுக்குப் போங்கள். மைய சர்வர் கிடைக்காத நேரத்துக்காக ஆர்சிஸ்லாக்கின் டிஸ்க் க்யூவை இயக்கி வையுங்கள்.

ஸ்டாண்டர்ட் எரரும் சூப்பர்வைசரும்

டீமனாக மாறாதே, முன்னணியிலேயே ஓடு, பேச வேண்டியதை ஸ்டாண்டர்ட் எரரில் பேசு. டி. ஜே. பெர்ன்ஸ்டீனின் டீமன்டூல்ஸ் சிஸ்டம்டிக்கு வெகுமுன்பே இந்தப் பாதையைக் காட்டியது. சர்வீஸின் வெளியீடு பைப் வழியாக மல்டிலாக் என்ற சிறு புரோகிராமுக்குப் போகும். எழுதும்போதே அளவைப் பார்த்துச் சுழற்றுவது மல்டிலாக்கின் வேலை. இயல்பில் ஒரு ஃபைல் 99,999 பைட், மொத்தம் 10 ஃபைல். இரவு டைமருக்குக் காத்திருக்கும் பேச்சே இல்லை. டிஸ்க் நிரம்பினால் வரியை எறியாமல் நின்று மறுபடி முயலும், அதாவது பைப் நிரம்பியதும் சர்வீஸும் நிற்கும். போஸ்ட்கிரெஸ் கட்சி. வாய்ட் லினக்ஸ் பயன்படுத்தும் ரன்இட்டின் எஸ்விலாக்டியும் இதே வம்சம், அளவு மட்டும் ஃபைலுக்கு 10 லட்சம் பைட்.

சிஸ்டம்டி உள்ள லினக்ஸில் அந்த இடத்தில் இருப்பது ஜர்னல்டி. 2011இன் இறுதியில் அறிவிக்கப்பட்டபோது பைனரி ஃபார்மேட்டா என்று பெரிய சண்டை நடந்தது. 2023இல் வந்த டெபியன் 12 ஆர்சிஸ்லாக்கை இயல்பாக நிறுவுவதைக்கூட விட்டுவிட்டது. பைனரி பற்றிய குறையில் நியாயம் உண்டு: மெஷின் செத்துப்போய் டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்தால், படிக்க இன்னொரு லினக்ஸும், ஜர்னலைப் படிக்கும் கருவியான ஜர்னல்சிடிஎல்லும் வேண்டும், டெக்ஸ்ட் ஃபைலைக் காட்டும் லெஸ் போதாது. ஆனால் பதிலுக்குக் கிடைப்பது கொஞ்சமல்ல. ஒவ்வொரு வரியோடும் எந்த யூனிட் (சிஸ்டம்டி அறிந்த சர்வீஸ்), எந்த பிஐடி (புரோசெஸ் எண்), எந்த பயனர் என்ற விவரத்தை ஜர்னல்டியே சேர்க்கிறது. சர்வீஸ் நினைத்தாலும் அதைப் பொய்யாகப் போட முடியாது. சிஸ்லாக்கில் தன் பெயரை எஸ்எஸ்ஹெச்டி என்று போட்டு எந்தப் புரோகிராமும் வரி எழுதலாம். வரியின் தொடக்கத்தில் <3> என்று அச்சடித்தால் அதைப் பிழை நிலையாக எடுத்துக்கொள்ளும் என்பதால், நிலை வாரியாகப் பிரிக்கத் தனி லைப்ரரிகூட வேண்டாம்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரியதாகத் தெரிவது அளவுக்கட்டு. ஜர்னல் இயல்பில் ஃபைல்சிஸ்டத்தில் 10 சதவீதத்தையோ 4 ஜிபியையோ, எது குறைவோ அதைத் தாண்டாது. தாண்டப் போனால் பழையதை அழிக்கும். லாக்கால் சர்வர் விழும் கதை இங்கே மிக அபூர்வம்.

இனி பாதகங்கள். முதலாவது வேக வரம்பு: ஒரு சர்வீஸ் 30 விநாடிக்குள் 10,000 வரியைத் தாண்டினால் மீதியை ஜர்னல்டி எறிந்துவிட்டு, இத்தனை வரி அடக்கப்பட்டது என்று ஒரு குறிப்பு மட்டும் வைக்கும். டிஸ்க்கில் இடம் அதிகம் இருந்தால் வரம்பும் பெருகும் என்பதால், டெஸ்ட் மெஷினில் நடந்தது புரொடக்ஷனில் அப்படியே நடக்காது. யூனிட் ஃபைலில் தனியாக மாற்றலாம். இரண்டாவது, சேமிக்கும் இடம்: 'ஆட்டோ' என்ற அமைப்பில், வார்-லாக்கின் கீழ் ஜர்னல் என்ற ஃபோல்டர் இருந்தால்தான் டிஸ்க்கில் எழுதும், இல்லையென்றால் ரேமில். ரீபூட் ஆனால், எதற்காக ரீபூட் ஆனது என்ற தடயமும் சேர்ந்தே போய்விடும். மூன்றாவது, ஜாவா ஸ்டாக் ட்ரேஸ் (பிழை வந்த வழியைக் காட்டும் பட்டியல்) 40 வரி வந்தால் அது 40 தனிப் பதிவு. இதற்கு ஜேசானை ஒரே வரியில் அச்சடிப்பதுதான் நடைமுறை மருந்து.

ஒரு சின்ன பொறி: ஜர்னலுக்குப் போகும் ஸ்டாண்டர்ட் எரர் ஒரு சாக்கெட், ஃபைல் அல்ல. எனவே ஷெல் ஸ்கிரிப்ட்டில் டெவ்-எஸ்டிடிஎர் என்ற பாதைக்கு எக்கோவைத் திருப்பினால் 'அப்படி ஒரு டிவைஸ் இல்லை' என்ற பிழை வரும். >&2 என்று எழுதினால் வராது. என்ஜின்எக்ஸ் கான்ஃபிகில் எரர் லாக்குக்கும் பாதையைக் கொடுக்காமல் எஸ்டிடிஎர் என்ற சொல்லை மட்டும் கொடுக்க வேண்டும்.

இன்னொரு பொறி பஃபர். சி லைப்ரரியின் ஸ்டாண்டர்ட் அவுட்புட் டெர்மினலில் வரிக்கு வரி வெளியேறும். பைப்போ சாக்கெட்டோ ஆனதும் சில கிலோபைட் சேர்த்து வைத்துத்தான் தள்ளும். பைத்தானின் பிரின்ட்டும் அப்படியே. சர்வீஸ் கிராஷ் ஆகும்போது கடைசி வரிகள், அதாவது நமக்கு வேண்டிய அதே வரிகள், பஃபரோடு சாகும். ஸ்டாண்டர்ட் எரரில் இந்தத் தேக்கம் இல்லை. கோ மொழியின் லாக் பேக்கேஜ் நேராக அங்கேதான் எழுதுகிறது.

கன்டெய்னருக்கும் இதே வழக்கம்தான், ஆனால் டாக்கரின் இயல்பான ஜேசான்-ஃபைல் டிரைவருக்கு அளவு வரம்பே கிடையாது. மாதக்கணக்கில் ஓடும் கன்டெய்னர் ஒன்று டிஸ்க்கைத் தின்று முடிப்பது இதனால்தான். லோக்கல் என்ற டிரைவருக்கு மாற்றினால் 20 எம்பி வீதம் 5 ஃபைலோடு நிற்கும். டாக்கர் இயல்பில் சர்வீஸைக் காத்திருக்க வைக்கும் கட்சி. நான்-பிளாக்கிங் என்று மாற்றினால் பஃபர் நிரம்பியதும் வரியைக் கைவிடும் கட்சி.

எதை எடுப்பது

ஒன்றோ இரண்டோ லினக்ஸ் சர்வரில் நீங்களே எழுதிய சர்வீஸ் என்றால் ஸ்டாண்டர்ட் எரரும் ஜர்னலும் போதும். ஜர்னல் ஃபோல்டரை உருவாக்கி, உச்ச அளவை உங்கள் டிஸ்க்குக்கு ஏற்ப எழுதி வையுங்கள். சர்வர்கள் பெருகினாலும் சர்வீஸின் நிரலை மாற்ற வேண்டாம். ஜர்னலிலிருந்து ஆர்சிஸ்லாக் எடுத்து மைய சர்வருக்கு அனுப்பட்டும். அதன் ஜர்னல் மாட்யூலுக்கும் தனியாக ஒரு வேக வரம்பு உண்டு, 10 நிமிடத்துக்கு 20,000 வரி; ஜர்னலில் இருக்கும் வரி மைய சர்வரில் இல்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

தணிக்கைக்குப் போகும் பதிவு, பணப் பரிமாற்றப் பதிவு போன்றவற்றை இந்த மூன்றில் எதிலும் விடாதீர்கள். ஒரு வரிகூடத் தொலையக் கூடாதது லாக் அல்ல, டேட்டா. அதை டேட்டாபேஸில், டிரான்ஸாக்ஷனுக்குள் எழுதுங்கள். இதைச் சொன்னால் பல டீமில் சண்டை வரும், வரட்டும்.

ஃப்ரீபிஎஸ்டியில் சிஸ்லாக்கோடு போவதே இயல்பு. அங்கும் டீமன் என்ற சிறு கருவி ஸ்டாண்டர்ட் வெளியீட்டை வாங்கி சிஸ்லாக்கில் சேர்க்கும் என்பதால் சர்வீஸின் நிரல் அப்படியே ஓடும். ஃப்ளாஷ் மெமரியில் வாழும் சின்னக் கருவிகளில் பிஸிபாக்ஸின் சிஸ்லாக் போதும்: 200 கேபி ஆனதும் சுழற்றி, பழையதில் ஒன்றை மட்டும் வைத்திருக்கும், வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ரேமிலேயே சுற்றவிடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் லைவ் போகும் முன் மூன்றைச் செய்து பாருங்கள். சர்வீஸைக் கில் -9 அடித்துவிட்டு, அது கடைசியாக எழுதிய வரி வந்திருக்கிறதா என்று பார்ப்பது, வராவிட்டால் பஃபர். அப்புறம், ஒரு லூப்பில் லட்சம் வரி கக்க வைத்து, எத்தனை போய்ச் சேர்ந்தது, அந்த நேரத்தில் சர்வீஸின் பதில் வேகம் எவ்வளவு இறங்கியது என்று அளப்பது. கடைசியாக, ரீபூட் செய்துவிட்டு ஜர்னல்சிடிஎல்லில் முந்தைய பூட்டைக் கேட்பது. பதில் வராவிட்டால் உங்கள் ஜர்னல் ரேமில்தான் இருக்கிறது.